மூன்றாவது கேள்வி

வீட்டுக்கு வரும் பிள்ளைகளின் காலணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, ரொட்டி சுடும் அடுப்புக்குள் அடுக்கிவைப்பாள் ஸ்டெஃபானியா. ஐந்து ஜோடி. “பிள்ளை இல்லாத வீட்டு வாசல்ல இத்தனை குட்டிச் செருப்பு கிடந்தா, பாக்கிறவன் சும்மாவா போவான்?” என்பாள். போன குளிர்காலத்தில் மறந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். மாடிப்படி முழுக்க நாற்றம். என்னவென்று கேட்டவர்களிடம், “செருப்பு வெந்துபோச்சு” என்றாள். அவள் சமையலைப் பற்றித் தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். மறைப்பாள், பொய் மட்டும் சொல்லமாட்டாள்.

எங்கள் கவுனஸ் நகரத்து அரசுத் தையற்கூடத்தில் கோட்டுக்குக் காலர் வைப்பது அவள் வேலை. ஞாயிறு மதியம் திரையை இழுத்துவிட்டு ஞானோபதேசம் சொல்லித்தருவாள். இந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இப்படிப் பிள்ளைகளைக் கூட்டி வேதம் சொன்னால் ஒரு வருஷம் சிறை. அவள் வீட்டுக்கு நேர் கீழே நான். பள்ளிக்கூட எழுத்தர், பெயர் யானினா, சரியான பயந்தாங்கொள்ளி. மேலே பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால் நான் எழுந்துபோய் என் வீட்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பேன்.

மனப்பாடம் அவளுக்குப் பிடிக்காது. “ஜெபத்தைக் கிளிகூட ஒப்பிக்கும். செஞ்சு காட்டு, பாப்போம்.” வாரத்துக்கு ஒரு செயல் கொடுப்பாள். பிடிக்காதவர்களோடு பங்கிட்டுச் சாப்பிடச் சொன்ன வாரம், ஒன்பது வயது ராமுனே முறையிட்டாள்: “பாதி ரொட்டி குடுத்தேன் அத்தை. தின்னுட்டு மறுபடியும் கிள்ளுறா!”

“நாளைக்கும் குடு. வாயும் கையும் சேர்ந்தாப்புல எத்தனை நாளைக்கு வேலை செய்யும்?”

இந்த மே மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் கொடுத்த செயல்: கேட்டால் உள்ளதைச் சொல்லவேண்டும், நமக்கு நஷ்டமானாலும்.

மறுநாளே தலைமையாசிரியை ஒரு தாளை என்னிடம் தந்து, நூறு படி எடுக்கச் சொன்னார். வியாழக்கிழமை முதல் மணியில் பிள்ளைகள் எழுதித் தரவேண்டுமாம். மூன்றாவது கேள்வியை இரண்டு தடவை படித்தேன். “உனக்கு ஜெபம் கற்றுத்தருபவர் யார்? பெயர், முகவரி.”

“அந்த ஒரு பேரு கிடைச்சாப் போதும். மத்த கேள்வியெல்லாம் சும்மா ஒப்புக்கு” என்றார் அவர்.

அன்று மாலையே மாடியேறிச் சொல்லிவிட்டேன். ஸ்டெஃபானியா ஊசியைக் கீழே வைத்தாள். வைத்த ஊசியை வெகுநேரம் தேடினாள். அது அவள் கண்ணெதிரேதான் கிடந்தது.

கேள்வித்தாள் விஷயம் தெரிந்து, புதன்கிழமை ராமுனேயின் அம்மா ஸ்டெஃபானியாவிடம் ஓடிவந்தாள்; நானும் அங்கேதான் இருந்தேன். மழலையர் பள்ளியில் ஆயா வேலை. மகள் எழுதினால் அந்த வேலையும் போகும். “நான் சொன்னா, ‘அது பொய்யாச்சே அம்மா’ங்கிறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா. ‘தெரியாது’ன்னு எழுதச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!” என்று அழுதாள்.

நானும் சேர்ந்துகொண்டேன். “ஒரே ஒரு சின்னப் பொய்டி! ஆண்டவர் கண்டுக்கமாட்டாரு.”

“அவரு கண்டுக்காம விட்டுருவாரு. ராமுனே விடமாட்டா” என்றாள் ஸ்டெஃபானியா. “எனக்கும் பயமாத்தாண்டி இருக்கு. ரெண்டு நாளாச் சோறு தண்ணி இறங்கல. ஆனா நான் சொன்ன வாயாலயே இன்னிக்கு மாத்திச் சொன்னா, இனிமே அந்தப் பிள்ளைங்க எதைத்தான் நம்புவாங்க?”

பிறகு அந்த அம்மாவின் தோளைத் தொட்டு, “போங்க. அவ எழுத வேண்டி வராது” என்றாள். எப்படி என்று சொல்லவில்லை. பிள்ளைகளை எங்காவது ஒளித்துவைக்கப் போகிறாளோ என்று நான் விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன். படிக்கட்டில் யார் நடந்தாலும் எழுந்து உட்கார்ந்தேன்.

வியாழன் காலை, மணியடிக்க இன்னும் அரைமணி நேரம். பள்ளிக்கூடத்தில் என் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டு ஸ்டெஃபானியா வந்தாள். மே மாத வெயிலில் கனத்த குளிர்கோட்டு. கையில் ஒரு துணிமூட்டை. சிறைக்குப் போகிறவர்கள் என்னென்ன எடுத்துப்போவார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“தலைமையாசிரியை வந்துட்டாங்களா?”

“உள்ள இருக்காங்க. ஐயோ, போயிரு ஸ்டெஃபா, நான் உன்னப் பாக்கவே இல்ல!”

அவள் போகவில்லை. மேசையிலிருந்த கேள்வித்தாள் அடுக்கிலிருந்து ஒரு தாளை உருவினாள். முதல் இரண்டு கேள்விகளை விட்டுவிட்டு, மூன்றாவதற்கு நேரே பேனாவை வைத்தாள். கை நடுங்கிய நடுக்கத்தில், தன் பெயரின் முதல் எழுத்து மேலேயே மை கொட்டிப் பெரிய கறையாகப் பரவியது.

“சீ, இப்படியா எழுதிக் குடுப்பாங்க” என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பையில் போட்டாள். புதிதாக ஒன்றை எடுத்தாள். வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள்.