முட்டைக்குள் அசைந்தது

பெரியம்மாவின் வேலை இருட்டில் உட்கார்ந்திருப்பது. முட்டை மண்டியின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். கதவிடுக்கில் பழைய சாக்கைத் திணித்திருந்தார்கள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் பல்பு எரியும். மேல்மூடியில் முட்டை உட்காரும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதில் வைத்ததும் முட்டையே ஒரு விளக்காகிவிடும். மெல்லச் சுற்றிப் பார்த்து, நல்லதை வலப்பக்க ட்ரேயிலும், விரிசல் விட்டதை இடப்பக்கத்திலும், ரத்தப்புள்ளி உள்ளதையும் பழசானதையும் காலடி வாளியிலும் போட வேண்டும்.

அந்த வேலைக்கு வந்தவர்கள் பலரும் சீக்கிரமே ஓடிவிட்டார்கள். மூச்சு முட்டுகிறது என்றார் ஒருவர். யாரோ பக்கத்தில் நிற்பதுபோல இருக்கிறது என்றார் இன்னொருவர். பெரியம்மாவுக்கு அது பிடித்துப்போனது. சிறு வயதிலிருந்தே அவர் அதிகம் பேசமாட்டார். கேட்டதற்குப் பாதி பதில் சொல்வார், மீதியை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். வெளியறையில் முட்டை அடுக்கும் அக்கா அவரைச் சும்மா விடமாட்டார்.

"உனக்கு வாயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். ஆந்தையாப் பொறக்க வேண்டியவ, தப்பி எங்க நடுவுல வந்து விழுந்துட்ட."

"ஆந்தைக்குச் சம்பளம் தரமாட்டாங்களே" என்பார் பெரியம்மா. அன்றைக்கு அவர் பேசுவது அவ்வளவுதான்.

வேலை முடிந்து வெளியே வரும்போது கண் கூசும். சுவரைத் தடவிக்கொண்டே தெருமுனை வரை நடப்பார். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. வெங்காயத்தை நறுக்கும்முன் பல்புக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். அவர்கள் வீட்டில் தங்கி நான் பள்ளிக்கூடம் போன வருஷங்களில், ஒருநாள் என் காதுமடலை விளக்குப் பக்கமாகத் திருப்பிவிட்டு, "உனக்குள்ள ஒரு செடி முளைச்சிருக்கு" என்றார். ரத்தக் குழாய்களைச் சொன்னார் என்று பிறகு புரிந்தது. அன்று இரவெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

பெரியப்பா ஒரு காலத்தில் மில்லில் மெஷின் ஓட்டியவர். மில் மூடியதும், வீட்டின் உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், எடுத்துவிட்டால் கேட்கமாட்டார். அந்தக் காலத்தில்தான் பெரியம்மா மண்டி வேலைக்குப் போனார். பெரியப்பாவை அந்தச் சுவரிலிருந்து திருப்பியது கோழிகள். யாரோ கொடுத்த சில குஞ்சுகளை அவர் கையில் வைத்திருந்ததைப் பார்த்து, பெரியம்மாதான் கொல்லையில் கொட்டகை போட வைத்தார். வருஷம் திரும்புவதற்குள் கொட்டகை நிறையக் கோழி. தரையில் மரத்தூள் பரப்பி, நடமாட விட்டு வளர்த்தார்.

"கூண்டுல அடைச்சா அது கோழி இல்ல, மெஷின். மெஷினோட நான் குடும்பம் நடத்தினது போதும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய முட்டைகள் அதே மண்டிக்குத்தான் போகும். ட்ரேயின் மூலையில் பச்சைப் பெயின்ட் தடவியிருப்பார்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. கொட்டகைக் கூரை ஒழுகி, மரத்தூள் ஊறிக் கறுத்தது. கோழிகள் இளைக்கத் தொடங்கின. தீனி எடுக்காமல் இளைத்திருந்தால் பயமில்லை. அவை நாள் முழுக்கத் தின்றன. கொத்தும் சத்தத்தைத் தவிரக் கொட்டகையில் வேறு சத்தமே இல்லை. கூவல் இல்லை, சண்டை இல்லை. ஒன்றைத் தூக்கினால் உடல் இருக்கும், கனம் இருக்காது. நெஞ்செலும்பு கத்தி முனைபோல உள்ளங்கையில் குத்தும். கொண்டை வெளிறி, வாடிய பூ இதழ்போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

"நான் போடறதை வேற யாரோ உள்ள உட்கார்ந்து தின்னுறாங்க" என்றார் பெரியப்பா.

கால்நடை மருத்துவர் வந்து எச்சத்தைச் சோதித்துவிட்டு ஏறக்குறைய அதையேதான் சொன்னார். குடற்புழு. தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து தந்தார். மருந்தின் வேகம் போகும்வரை முட்டையை விற்க வேண்டாம் என்றார். "மருந்து பாதி வேலைதான். இந்த மரத்தூள் முழுக்க வெளிய போகணும். புழுவோட முட்டை இதுக்குள்ள மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். கோழி கிளறும், கொத்தும், திரும்ப உள்ள போகும்."

பெரியப்பா மருந்தை ஒழுங்காகக் கொடுத்தார். விற்பனையையும் நிறுத்தினார். அடுத்த நாட்களில் எச்சத்தோடு வெள்ளைப் புழுக்கள் விழுந்தன, விரல் நீளத்தில். "பாத்தியா, மொத்தமும் வெளிய வந்துடுச்சு" என்று குழந்தைபோலக் குதித்தார். மரத்தூளை மட்டும் அவர் அகற்றவில்லை. ஊறிய மரத்தூள் உள்ளே கதகதவென்று இருக்கும்; மழைக்குளிரில் அதைச் சுரண்டி எடுத்தால் இளைத்த கோழிகள் விறைத்துப்போகும் என்று பயந்தார். மண்வெட்டியால் புரட்டிப்போட்டு, மேலே புதிய மரத்தூளை மெல்லிசாகத் தூவினார். தரை புதுசாகத் தெரிந்தது.

கோழிகள் கொஞ்சம் தேறின. பச்சை மூலை ட்ரேக்கள் மறுபடியும் மண்டிக்குப் போயின. பிறகு கொண்டைகள் மீண்டும் வெளிறின.

ஒருநாள் இருட்டறையில் பெரியம்மா பச்சை மூலை ட்ரேயிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். மஞ்சள் கருவின் நிழலுக்குப் பக்கத்தில் ஒரு நூல். முதலில் ஓட்டின் ரேகை என்று நினைத்தார். சுற்றினார். நூல் கூடவே சுற்றாமல் பின்தங்கியது. கையை எடுத்துவிட்டு, மேசையைத் தொடாமல், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். நூலின் ஒரு முனை மெல்லச் சுருண்டது. பிறகு நீண்டது.

விரிசல் இல்லை. ரத்தம் இல்லை. அன்று காலையில் இட்ட முட்டை. வலப்பக்கமும் இல்லாமல் இடப்பக்கமும் இல்லாமல் அதை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார். ஓடு இன்னும் வெதுவெதுப்பாக இருந்ததாம்.

முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெரியப்பா அதைப் பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையே."

"இருக்குங்க. அசைஞ்சுது."

"முட்டையைத் திருப்பினா கரு ஆடத்தான் செய்யும். நாள் முழுக்க இருட்டுல உட்கார்ந்து உனக்குக் கண்ணுக்குள்ளயே பூச்சி பறக்குது."

பெரியம்மா அதைக் கிண்ணத்தில் உடைத்தார். வெள்ளைக் கருவில் அந்த நூல் கிடந்தது. இப்போது அசையவில்லை. பெரியப்பா ஒரு தட்டால் கிண்ணத்தை மூடினார்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். "முதலாளிக்குத் தெரிஞ்சா பச்சை ட்ரே படியேற முடியாது. ஒருத்தர் வேண்டாம்னு சொன்ன முட்டையை இந்த ஊர்ல வேற யாரு வாங்குவா? பாக்குறது நீதானே? கண்டா வாளியில போடு. போதும்."

பெரியம்மா உள்ளறைக் கதவைப் பார்த்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதுகு அவர் நினைவில் வந்திருக்க வேண்டும். சரி என்றார்.

அதன்பிறகு அவர் கை மெதுவாயிற்று. பச்சை ட்ரே மட்டுமல்ல, எந்த ட்ரேயிலும் நூல் தெரிந்தது. மறுபடி பார்த்தால் இருக்காது. மூன்றாம் முறை பார்த்தால் இருப்பதுபோல இருக்கும். வீட்டில் தண்ணீர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். தன் கட்டைவிரலை விளக்கின் முன் வைத்து, சிவப்புக்குள் எதையோ தேடினார். ஒரு விடியலில் நான் விழித்தபோது என் முகத்துக்கு மிக அருகில் கைவிளக்கோடு உட்கார்ந்திருந்தார். "தூங்கு, சும்மாதான்" என்றார்.

ஒருநாள் மண்டி வாசலில் ஒரு பெண் கத்தும் சத்தம் இருட்டறைக்குள் கேட்டது. குழந்தைக்கு முட்டை உடைத்து ஊற்றியபோது உள்ளே புழு இருந்ததாம். முதலாளி சிரித்துச் சமாளித்தார்: "முட்டைக்குள்ள புழு எப்படிம்மா போகும்? கதவு வச்சிருக்கா? உங்க பாத்திரத்துல இருந்திருக்கும்." அடுக்கும் அக்காவும் சேர்ந்து சிரித்தார். பெரியம்மா பல்பை அணைத்துவிட்டு முழு இருட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் கையைத் தாண்டி ஒன்று வெளியே போயிருக்கிறது.

மறுநாள் பெரியப்பா ட்ரேக்களை இறக்கிவைத்தபோது, பெரியம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். அத்தனை வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை. கதவைச் சாத்தி, சாக்கைத் திணித்து, தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"ஒரு இழவும் தெரியலையே."

"கண்ணு பழகட்டும். பேசாம இருங்க."

ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். எல்லாம் தெளிவு. பெரியப்பா ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தார். அப்போது பெரியம்மா ஒரு முட்டையை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். ஆரஞ்சு வெளிச்சத்துக்குள் அந்த நூல் தானாக வளைந்து, ஓட்டைத் தொட்டு, வழி தேடுவதுபோல நகர்ந்தது.

பெரியப்பா பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

"எல்லாத்துலயும் இருக்கா?"

"இல்ல. எப்பவாவது ஒண்ணுல."

"எதுல?"

"பாத்தாதான் தெரியும். பாத்தும் சில சமயம் தெரியாது. ஒண்ணை விட்டுட்டேன்னு நேத்துதான் தெரிஞ்சுது. ஒரு குழந்தைக்குப் போயிடுச்சு."

பெரியப்பா எழுந்து வெளியே போனார். சுவரைத் தடவிக்கொண்டே முதலாளியின் மேசைக்குப் போய், நேற்றைய புழு தன் கொட்டகையுடையதுதான் என்றும், தான் சொல்லும்வரை பச்சை ட்ரேயை எடுக்க வேண்டாம் என்றும் அவரே சொன்னார். முதலாளி உடனே குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசுய்யா, தெருவுக்கே கேட்கும். அப்புறம் என் கடையையும் சேர்த்து மூட வேண்டியதுதான்."

அன்று பெரியப்பா உள்ளறைக்குப் போகவில்லை. கோழிகளை வீட்டின் முன்னறைக்கு ஓட்டிவிட்டு, மண்வெட்டியோடு கொட்டகைக்குள் இறங்கினார். புது மரத்தூள் ஓர் அங்குலம்கூட இல்லை. அதன்கீழே கறுப்பாக, ஈரமாக, ஆவி பறக்கும் ஏதோ ஒரு பெரிய உடம்பை வெட்டுவதுபோல இருந்தது. வெட்டவெட்டச் சூடு குறையவில்லை. பல நாட்கள் அதை வண்டியில் ஏற்றிக் கோழி கால்படாத இடத்தில் கொட்டினார். கூரையைச் சரிசெய்து, தரையைக் காயவிட்டு, மறுபடி மருந்து கொடுத்தார். அதுவரை கோழிகள் நாங்கள் படுக்கும் அந்த முன்னறையில், நாற்காலிகளின்மேலும் தலையணைகளின்மேலும் சத்தமில்லாமல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. சில அங்கேயே செத்தன. மற்றவை ஒருநாள் ஒன்றையொன்று கொத்திச் சண்டை போட்டபோது பெரியப்பா அடுப்படிக்கு ஓடிவந்து, "சண்டை போடுதுடி, சண்டை போடுது" என்றார்.

கோழிகள் கொட்டகைக்குத் திரும்பி, மருந்தின் வேகமும் போனபின், நல்லதிருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று முதலாளி ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு ட்ரே. பெரியப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டு இருட்டறைக் கதவுக்கு வெளியே நின்றார்.

உள்ளே பெரியம்மா முதல் முட்டையை வைத்தார். தெளிவாக இருந்தது. வலப்பக்கம் வைக்கப்போனவர் மறுபடி எடுத்து வெளிச்சத்தில் வைத்தார்.

"இருக்கா?" என்று சாக்குக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

அவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மஞ்சள் கரு ஆடி நின்றது.

"இருக்கா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லேன்."

"இருங்க" என்றார் பெரியம்மா. "இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."