நிமிராமல் படிக்க வேண்டிய நாடகம்

நடிக்க வேண்டாம், மேடையில் உட்கார்ந்து படித்தால் போதும் என்று முடிவு செய்தது நான்தான். ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளும் உரிமை பற்றிய ஆவண நாடகம் அது. பெயர் சொல்ல விரும்பாத பலரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தொகுத்தது. நான் பாடம் நடத்தும் கல்லூரி கீரனூர்ப் பக்கம். நிர்வாகத்திடம் அனுமதி கேட்டபோது 'சட்ட விழிப்புணர்வு நிகழ்ச்சி' என்றேன். பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

படிக்கும் மாணவிகளுக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். தாளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. "குனிஞ்சு படிச்சா அது யாரோ சொன்னது. நிமிர்ந்து சொன்னா நீங்க சொன்னதாயிரும். அப்புறம் ஊர் வாயை என்னால அடைக்க முடியாது." எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

அவள் குளத்தூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குப் பேசி முடித்து, பூ வைத்து உறுதியும் செய்துவிட்டார்கள். அவள் மனதில் இருந்ததோ கூடப் படித்த ஒரு பெண். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். அதனாலேயே அவளுக்கு நாடகத்தில் பாகம் கொடுக்க எனக்குத் தயக்கம். "படிக்கத்தானே போறேன் மேடம், குடுங்க" என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டாள்.

பூ வைத்த பெண்ணைத் தனியாக விழாவுக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நிகழ்ச்சி அன்று மதியம் அவளோடு அவள் அம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவரைக் கேண்டீனில் உட்கார வைத்துவிடலாம் என்று நான் ஓடினேன். அதற்குள் வரவேற்புக்கு நின்ற மாணவர்கள் முந்திக்கொண்டார்கள். "பின்னாடி எதுக்கும்மா, இங்கிட்டு வாங்க" என்று முன்வரிசை சோபாவில் உட்கார வைத்து, சந்தனம் கொடுத்து, மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதை செய்ததற்காக யாரைத் திட்டுவது?

முதல்வர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு அவசர வேலை என்று கிளம்பினார். வாசிப்பு நன்றாகவே போனது. அவள் முறை வந்தது. "எங்க அம்மாவுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசுறதில்ல." தாளில் இருந்தது அவ்வளவுதான். குனிந்தபடி படித்தாள். பிறகு தாளை மடியில் கவிழ்த்துவிட்டு, நிமிர்ந்து, முன்வரிசையைப் பார்த்தாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா. எனக்கு வேற ஒருத்தி இருக்கா."

அரங்கமே கைதட்டியது. "என்னா நடிப்பு!" என்றான் எனக்குப் பின்னால் ஒருவன். அந்த அம்மா மட்டும் தட்டவில்லை, முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "கடைசியா சொன்னாளே டீச்சர், அது நாடகத்துல உள்ளதுதானேங்க?" இல்லை என்றால் அவள் படிப்பு அன்றோடு நின்றுவிடும். "ஆமாங்க" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அவங்கப்பா கேட்டாலும் இப்படியே சொல்லுங்க" என்றார். பக்கத்தில் வந்து நின்ற மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குப் போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவள் அப்பா போன் செய்தார். "பொண்ணு மேடையில என்னமோ பேசுச்சாமேங்க?"

"நாடகத்துல வர்றதுதாங்க."

பெரிதாக மூச்சு விட்டார். "நானும் அதைத்தான் சொல்றேன். அவ ஆத்தாதான் சாப்புடாம கொள்ளாம உக்காந்திருக்கா. அவகிட்டயும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க டீச்சர். ஸ்பீக்கர்ல போடுறேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அம்மா, அது நாடகத்துல வர்றதுதாங்க" என்றேன்.

"சரிங்க டீச்சர்" என்றார் அவர்.

போனில், அந்த வீட்டுக்குள் எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முந்தின நாள் மகள் ஒருத்திதான் தாளைக் கவிழ்த்தாள். நானும் அவள் அம்மாவும் இன்னும் குனிந்து படித்துக்கொண்டிருந்தோம்.