பெபரோமியாவுக்கு மழைத்தண்ணீர்

டெல்மா தன் பெபரோமியாச் செடியின் இலையை இரு விரலால் மெல்ல மடக்கிப் பார்ப்பாள். விறைப்பாக நின்றால், "வயிறு ரொம்பியிருக்குடி உனக்கு. அடுத்த வாரம் பார்க்கலாம், போ" என்று சொல்லிவிட்டு, சமையலறைச் சன்னலின் மெல்லிய திரையை இழுத்துவிடுவாள். வறண்ட உள்நாட்டு ஊரான குவில்பியின் வெயில் நேரே பட்டால் அந்தத் தடித்த இலையும் பொசுங்கிவிடும். பெபரோமியா மிளகுக்கு ஒன்றுவிட்ட உறவுதான். ஆனால் காரமெல்லாம் டெல்மாவிடம்.

பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் அவள். பின் இருக்கையில் சேட்டை செய்கிறவர்கள் கண்ணாடியில் தெரியும் அவள் புருவத்துக்கே அடங்கிவிடுவார்கள். கணவன் ரான் வேறொருத்தியோடு கடற்கரைப் பக்கம் போனபோது ஃபிரிட்ஜை ஏற்றிக்கொண்டு போனான். இந்தச் செடியை மறந்துவிட்டான். "அந்த ஆளு எனக்குச் செஞ்ச ஒரே நல்ல காரியம்" என்பாள். வீட்டில் பேச்சுத் துணை அதுதான்.

போன கோடையில் முழங்கால் அறுவைக்காக டூவூம்பா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். சாவியை எதிர்வீட்டு மெர்விடம் கொடுத்து, "யோவ், சும்மா சும்மா ஊத்தித் தொலைக்காதே. இலை துவண்டா மட்டும் கொஞ்சம்" என்று எச்சரித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஊன்றுகோலோடு திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அழுகல் வாடை. செடியின் அடித்தண்டு கூழாகிக் கிடந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து முட்டின. தேறும் என்று பட்டது ஒரே ஓர் இலை. அதைக் காம்போடு கிள்ளி, லேசாக ஈரம் பட்ட மணலில் செருகிச் சன்னலோரம் வைத்தாள்; மிச்சத்தைக் குப்பையில் கொட்டினாள். வேர் பிடித்தால் உண்டு. இன்னொரு முறை யாராவது ஊற்றினால் அதுவும் போச்சு.

சாயங்காலம் மெர்வ் கையில் ஒரு கோப்பைத் தண்ணீரோடு வந்தார். அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவதாகத்தான் இருந்தாள்.

"போர்த் தண்ணி ஒரு சொட்டு ஊத்தல டெல்மா, சத்தியமா" என்றார் அவர். "அந்த கந்தக நாத்தம் அதுக்கு ஆகுமா? என் டேங்க் மழைத்தண்ணிதான், தினமும். பக்கத்து வீட்டு ஜாய்ஸும் அவ டேங்க்லேர்ந்து கொண்டாந்தா. தபாலாபீஸ் கிளிஃபும்தான். நீ வரப்போ அது வாடியிருக்கக் கூடாதுல்ல?"

ஊரில் மழை பெய்தே வெகுகாலம்; குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணீர்தான். மழைநீர்த் தொட்டிகளின் அடியில் கிடந்ததைத் தேநீருக்கென்று எல்லாரும் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

"அப்போ உன் டீக்கு?"

"போர்த் தண்ணிதான். அழுகின முட்டை மாதிரி இருக்கு. பழகிடுச்சு."

திட்ட வாயெடுத்தவளுக்கு, இத்தனை பேருக்கு நான் வேண்டியிருக்கிறேனா என்று நெஞ்சு நிறைந்து, கண் கலங்கியது.

மெர்வ் வெறும் சட்டியைப் பார்த்துவிட்டார். "ஐயையோ, செடி எங்கே?"

"அதுக்கு வயசாயிடுச்சுய்யா" என்று மூக்கை உறிஞ்சினாள். "போறப்போ ஒரு குட்டிய விட்டுட்டுப் போயிருக்கு."

"அட! அப்ப குட்டிக்குத்தான் இது" என்று அவர் கோப்பையோடு சன்னலை நோக்கி நடந்தார்.

டெல்மா ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் காலில் எட்டி அந்தக் கோப்பையைப் பிடுங்கினாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.