கொட்டாரத்துக் கால்வாய்க் கரையில் குட்டி லாரி

ஒரு சாமானை விற்பதற்காக ஒரு தாய் தன் பிள்ளையை எவ்வளவு தூரம் கூடக் கொண்டுபோகலாம்? இதற்கு எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. என்னைப் போல் வீட்டுக்கு வெளியே வேலையில் இறங்கியிருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கணவர் நாகர்கோவிலில் மோட்டார் ஏஜென்சி வைத்திருக்கிறார். இஞ்சின் சங்கதி எல்லாம் அவருக்குத் தெரியும், இங்கிலீஷ்தான் வராது. நான் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள். கம்பெனிக்குக் கடிதம் எழுதுவதும், கேட்லாக்கைப் படித்து வாங்க வருகிறவர்களுக்கு விளக்குவதும் என் வேலை. வண்டிகள் நிற்கும் ஷெட்டின் மூலையில் எங்கள் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருப்போம். இஞ்சின் சத்தத்தில் தூங்கும் பிள்ளை, சத்தம் நின்றால் விழித்துக்கொள்வான்.

வந்த இரண்டு வண்டிகள்

கம்பெனி முதலில் இரண்டு வண்டிகள் அனுப்பியது. பெரிய லாரியை மார்த்தாண்டத்து வியாபாரி ஒருவர் வந்த வேகத்தில் எடுத்துக்கொண்டு போனார். மற்றது சின்னது. முன்னால் மூன்று பேர் உட்காரும் இருக்கை, பின்னால் திறந்த மரப்பெட்டி. கேட்லாக்கில் அதற்குப் பிக்கப் என்று பெயர். ஊரில் குட்டி லாரி என்றார்கள்.

அது நின்ற இடத்திலேயே நின்றது. குளச்சலிலிருந்து கருவாடு எடுக்கும் கோட்டாற்று முஸ்லிம் வியாபாரி ஒருவர், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன், அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தங்கச்சி, லாரிண்ணு சொல்லி ஆட்டுக்குட்டியைக் கெட்டிப் போட்டிருக்கியளே!"

"காக்கா, பெரிய லாரி போகாத வழியிலயும் இது போகும்."

"வழி எனக்கு என்னத்துக்கு? சரக்குல்லா போணும். ஒரு நடையில தீரவேண்டியதுக்கு ரெண்டு நடை நான் போணுமா?"

அவர் சொன்னது நியாயம். வியாபாரிக்குப் பெரியதுதான் லாபம். அப்படியானால் இந்தச் சின்னதை யார் வாங்குவார்கள்? யோசித்துப் பார்த்தேன். நெற்களத்திலிருந்து வீட்டுக்கு வரும் வரப்புச்சாலைகளில் பெரிய லாரி இறங்க முடியாது. ஆகவே வயற்காரர்கள்தான் வாங்க வேண்டும். ஆனால் அவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்களே தவிர, ஒருவரும் வாங்கவில்லை.

"காளை ரெண்டும் சாணியாவது போடும். இது என்னத்தப் போடும்? பொகையா?" என்று ஒருவர் கேட்டதில் ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு வரவில்லை. மாசி மாதக் கும்பப்பூ அறுப்புக்குள் சின்ன வண்டி விற்காவிட்டால் ஏஜென்சியைத் திருநெல்வேலியில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகக் கம்பெனி ஆள் சொல்லிப் போயிருந்தார்.

"வீட்டுல கேக்கணும்"

கொட்டாரத்து வயற்காரர் ஒருவர் மூன்றாம் தடவையும் வந்து, டயரைத் தட்டி, பெட்டியின் பலகையை ஆட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுல கேக்கணும்" என்று கிளம்பினார். அது தட்டிக்கழிக்கும் பேச்சு என்று என் கணவர் நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகளில் மாட்டுவண்டி நெல்லுக்கு மட்டும் அல்ல. அறுப்பு முடிந்ததும் அதையே கழுவி, கூண்டு போட்டு, வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரிப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் சுசீந்திரம் தேருக்குப் போவது அதில்தான். வண்டி மாற்றுவது என்றால் வீட்டுப் பெண்களின் சம்மதம் வேண்டும். நாங்களோ இத்தனை நாளும் ஆண்களிடம் இஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

"வண்டிய அவங்க வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போவோம். நானும் வாறேன்" என்றேன்.

"பிள்ளைய?"

"பால் குடிக்கிற பிள்ளைய எங்க விட?"

அவனை அழைத்துப் போனது அதற்காக மட்டும்தானா என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதற்காக மட்டும்தான்.

கரைமேல்

வயற்காரரின் மனைவி முற்றத்தில் இறங்கி வந்தார். இஞ்சினைப் பார்க்கவே இல்லை. என்னையும் என் இடுப்பில் இருந்தவனையும் பார்த்தார்.

"ஏ மக்கா, கேக்கேன்னு நெனைக்காத. இதுல நெல்லு மூட்டய ஏத்திக்கிட்டு, ஒனக்க பிள்ளையோட கால்வாய்க் கரையில நீ போவியா?"

முற்றத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அவர் இந்த வண்டியைப் பாரத்தோடு கரையில் ஓட்டியதே இல்லை.

"போவேன் அக்கா" என்றேன்.

மூட்டைகளை ஏற்றினார்கள். கரைக்கு ஏறும் இடத்தில் சரிவு அதிகம். பாதி ஏறியதும் வண்டி முக்கித் திணறியது. பிறகு பின்னால் நழுவியது. ஒரு பக்கம் தண்ணீர் நிறைந்த கால்வாய், மறுபக்கம் சேற்று வயல். என் கணவர் பிரேக்கை அழுத்தி நிறுத்தி, கியரை மாற்றி, மறுபடி ஏற்றினார். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கரையில் ஏறியதும் வண்டி, மாட்டுவண்டிச் சக்கரம் பதிந்த சோட்டிலேயே சீராக ஓடியது. மதகு தாண்டித் திரும்பி முற்றத்துக்கு வந்தோம்.

நான் சிரித்த முகத்தோடுதான் இறங்கினேன். பிள்ளையின் தொடையில் என் வளையல் பதிந்து சிவந்திருந்ததை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். கையால் தடவிக் கொடுத்தார்.

"பேடிச்சிட்டியா, பயமா இருந்துதா?"

"ஆமா அக்கா."

"இருந்தாலும் பெத்தவ பிள்ளையோட ஏறினா, அந்த வண்டிய நம்பலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் கணவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

குட்டி லாரி அந்த வீட்டிலேயே தங்கியது. ஏஜென்சி நிலைத்தது. அந்த வண்டி இன்றுவரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. தேருக்கும் போய் வந்துவிட்டது.

ஆனால் அந்த அம்மாள் சொன்னது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. வண்டி பத்திரமானது என்று தெரிந்ததால் நான் ஏறியதாக அவர் நம்பினார். நான் ஏறியது, அதை விற்றாக வேண்டும் என்பதால்.

இப்போது

குட்டி லாரிக்கு வயற்காடுகளில் கிராக்கி வந்துவிட்டது. கேட்டு வருகிறவர்கள் வண்டியை மட்டும் கேட்பதில்லை. "அந்தப் பிள்ளைக்காரி வருவாளா?" என்றும் கேட்கிறார்கள். பேச்சிப்பாறைப் பக்கத்து மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்குத் தோட்டக்காரர் ஒருவர் அடுத்த வாரம் மலையேற்றத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுப் பெண்களும் வந்து பார்ப்பார்களாம்.

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பிறருக்கு ஓட்டிக் காட்டும் முன் நாம் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆகையால், அந்த நாளுக்கு முன்பே நானும் என் கணவரும் மட்டும் முழுப்பாரம் ஏற்றி அந்த ஏற்றத்தில் ஏறி இறங்கப் போகிறோம். வண்டி தடுமாறினால், மலைக்கு இது ஆகாது என்று அவர்களிடம் நானே சொல்லிவிடுவேன். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நன்றாக ஏறிவிட்டால்தான் தயக்கம். பிள்ளையை என் நாத்தனாரிடம் விட்டுவிட்டுப் போனால், "இந்தத் தடவை ஏன் கொண்டுவரல்ல?" என்று கேட்பார்கள், நல்ல வண்டியின் மேல் சந்தேகம் விழும். கொண்டுபோனால், அவனும் கேட்லாக்கில் ஒரு படம் மாதிரி ஆகிவிடுவான்.

பிள்ளை பெற்று, வேலையும் பார்க்கும் சகோதரிகளே, என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்கு எழுதுங்கள். மலைக்குப் போகும் முன் உங்கள் பதில் கிடைத்தால் நல்லது.