பேர் சொல்லாதது

அப்பாவின் டிரங்குப் பெட்டியை அருங்காட்சியகத்து மேசையில் வைத்துத் திறந்ததும் குப்பென்று எழுந்த வசம்பு மணம், இப்போது ஜவுளிக்கடையாகிவிட்ட எங்கள் வண்ணார்பேட்டை வீட்டின் மொட்டை மாடிக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிய அப்பாவின் தோல் கையுறை, தொப்பி, மடிப்பு நைந்த வரைபடம் எல்லாவற்றையும் மழைக்காலம் முடிந்ததும் அம்மா பாயில் பரப்பி, இளவெயில் காட்டி, உதறி, வசம்பு முடிச்சுகளோடு திரும்ப அடுக்குவாள். வசம்பு என்று அவள் வாயால் சொல்லவே மாட்டாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது ‘பேர் சொல்லாதது’.

“ஏட்டி, இந்தக் குப்பைய எதுக்குக் காயப் போடுத?” என்பார் அப்பா.

“நீங்க சண்டையில ஜெயிச்சுட்டு வந்திய. நான் பூச்சிகிட்ட தோக்கவா?”

இருவரும் இல்லாத இன்று, அதிகாரி லென்ஸ் வைத்துத் தேடியும் ஒரு ஓட்டைகூட அகப்படவில்லை.

“என்ன மருந்தும்மா போட்டீங்க?”

“பேர் சொல்லாதது.” அம்மா வார்த்தைதான் வாயில் வந்தது.

“ரகசியமா?” என்று சிரித்தார்.

நான் நன்கொடைப் படிவத்தை இழுத்து, ‘பாதுகாத்தவர்’ என்ற கட்டத்தில், அப்பா ஒருநாளும் சொல்லிக் கூப்பிடாத பேரைக் கட்டம் நிறைய எழுதினேன்: கோமதியம்மாள்.