பளபளப்பு போவதற்குள்

கலவைத் தாளில் வெண்ணெய் போல மின்னிய பல் அடைக்கும் சிமெண்ட் சட்டென்று மங்கியது. நான் கவனிக்கவில்லை. கவனித்தது, நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த அக்கா.

ஓசூரில் ஒரு சிறிய பல் கிளினிக்கில் நான் டாக்டராகச் சேர்ந்த புதிது அது. அக்கா என்று நான் கூப்பிடும் இந்த நோயாளி, வண்டி விளக்கு செய்யும் கம்பெனியில் லைன் லீடர், மதுரைப் பக்கத்துக்காரர். கடைவாய்ப் பல்லில் ஈறோரமாய் ஒரு குழி. வேறொரு இடத்தில் அடைத்தது விழுந்தது. பிறகு நான் அடைத்தது ஒரே மாதத்தில் விழுந்தது. "கண்டதைக் கடிச்சிருப்பீங்க" என்று பழியை அவர் மேலேயே போட்டேன். "இந்தத் தடவையும் விழுந்தா பிடுங்கிடுங்க மேடம். சும்மா சும்மா லீவு போட முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் அன்று வாயைத் திறந்தார்.

கிளாஸ் அயனோமர் என்கிற இந்த சிமெண்ட் என்றால் எனக்கு அப்படியொரு மோகம். கண்ணாடிப் பொடியும் அமிலமும் சேர்ந்து, அதிகம் குடையாமலே பல்லைப் பற்றிக்கொள்ளும். ஃப்ளோரைடையும் கொஞ்சம் கொஞ்சமாய் விடும். கலக்கும்போதே இதையெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கருவி முனையில் அள்ளிப் பல்லருகே கொண்டுபோனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கன்னத்தில் வைத்திருந்த பஞ்சைத் தானே எடுத்துப் போட்டார்.

"மேடம், பளபளப்பு போயிடுச்சு. நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள அது செத்துப்போச்சு. எங்க லைன்ல ரெண்டு பசையைக் கலந்துதான் விளக்குல கண்ணாடி ஒட்டுவோம். இப்படி மங்கினதை எவளாவது வெச்சா தொலைச்சுடுவேன்."

"நானும் காலேஜ்ல படிச்சிருக்கேங்க்கா" என்றேன் ரோஷமாக.

"படிச்சீங்க, சரி. பாத்தீங்களா?"

படித்ததுதான். மங்கிய கலவையில் பல்லைப் பற்ற அமிலம் மிஞ்சாது என்று தேர்விலேயே எழுதியிருக்கிறேன். போன முறையும் இப்படித்தான் பேசிக்கொண்டே வைத்திருப்பேன். குற்றம் என்னுடையதுதான் என்று அவரிடமே சொன்னேன். "சரி, இப்ப வாயை மூடிக்கிட்டுக் கலக்குங்க" என்று தன் வாயைத் திறந்தார். பல்லை மறுபடி உலர்த்தி, புதிதாய்க் கலந்து, அவர் கண்ணசைத்ததும் வைத்தேன்.

ஒன்றரை வருஷமாகிறது, அடைப்பு அசையவில்லை. வரும்போதெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிப் பார்த்து, லைனில் விளக்கைச் சோதித்துச் சொல்வதுபோல "பீஸ் பாஸ்" என்கிறார். என் பட்டத்தைவிட அந்த வார்த்தையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன்.

அடுத்த மாதம் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் பல் மருத்துவ முகாம். கரண்ட் வேண்டாம், குடையும் மெஷின் வேண்டாம், கைக்கருவியும் இந்த சிமெண்டும் போதும் என்று அடம்பிடித்து ஏற்பாடு செய்தது நான்தான். தகரக் கொட்டகைச் சூட்டில் கலவை இன்னும் வேகமாய் இறுகும். அக்கா வார லீவில் வருகிறார்; கலவைத் தாள் அவர் பார்வையில் இருக்கும், நான் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். நேற்று மதியம் மொட்டை மாடி வெயிலில் நின்று, வாயே திறக்காமல் மூன்று முறை கலந்து பார்த்தேன். பளபளப்பு போகும் அந்தக் கணத்தை, மூன்று முறையும் நானே பார்த்தேன்.