ஒன்பது இடக்கால் செருப்புகள்

எங்கள் வாசிகசாலைக்கு இந்த வருடம் ஐம்பது வயது. அதற்காக ஒரு மலர் வெளியிடுகிறார்கள். ஊரில் சாதாரணமாக வாழ்கிற ஒருவரைப் பற்றி அதில் ஒரு கட்டுரை வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அந்த ஒருவர் மரியநாயகம் என்றும், எழுதப்போகிறவர் சூசைப்பிள்ளை என்றும் முடிவானபோது எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. சூசைப்பிள்ளை நான்தான். நெடுந்தீவு இறங்குதுறைக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளும் படகு எஞ்சினும் திருத்துகிறவன். மரியநாயகத்தின்மேல் எனக்குப் பொறாமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமைப்பட வேண்டாம்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. சித்திரப் போட்டியில் அவன் முதலாவது, நான் இரண்டாவது. அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். தொண்ணூறாம் ஆண்டு அவன் தாய் தகப்பனோடு வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனான். வேலூர்ப் பக்கம் ஒரு முகாமில் இருந்துகொண்டு, ஆம்பூரில் ஒரு சப்பாத்துத் தொழிற்சாலையில் இருபத்திமூன்று வருடம் வேலை செய்தான். அங்கே மேற்பகுதி தைக்கிறவர்கள் வேறு, அடிப்பகுதி ஒட்டுகிறவர்கள் வேறு. இவனுக்குக் கிடைத்தது அடிப்பகுதி, அதிலும் குதிக்காலுக்குக் கீழே வருகிற குதி மட்டும். தாயும் தகப்பனும் அங்கேயே கண்ணை மூடினார்கள். கலியாணம் செய்யவில்லை. 2016இல் தனியாகத் திரும்பி வந்தான். கையில் ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு சுத்தியல், நாலு கத்தி, மரத்தில் செய்த பாத அச்சுகள். தமையன் வீட்டு முன்னறையில் செருப்புத் தைக்கக் குந்தினான். நாங்கள் 'ஓம்' என்கிற இடத்தில் அவன் 'ஆமா' என்பான். எனக்கு அதுவே பிடிக்காது.

நான் வேலை செய்கிற கொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் மனைவி கிறேசம்மா ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் புதுச் செருப்பு வாங்குவாள். பழைய சோடியில் இடக்கால் செருப்பை எடுத்து, வருடப் பிறப்பன்று கொட்டிலின் முன்வளை மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடுவேன். கண்ணூறு படாமல் இருக்கத்தான். தீவில் இருக்கிற எஞ்சின்களில் பாதி என்னிடம் வருகிறது. பார்க்கிறவன் வயிறு எரியாமல் இருக்குமா? "பங்குச் சுவாமி கண்டால் ஏசுவார்" என்று கிறேசம்மா சொல்வாள். சுவாமியின் மோட்டார் சைக்கிளும் என்னிடம்தான் வருகிறது. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அப்படி ஒன்பது செருப்பு வரிசையாகத் தொங்கின.

போன வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் மரியநாயகம் கொட்டிலுக்கு வந்தான்.

"சூசை, பழைய கிளச் ஸ்பிரிங் ஏதாச்சும் இருக்கா?"

"என்னத்துக்கு?"

"ஒரு சப்பாத்துக்கு."

"சப்பாத்துக்குக் கிளச் போடப் போறீரோ? கியரையும் சேத்துப் போட்டுவிடும்."

அவன் சிரித்தான். நான் எட்டு ஸ்பிரிங் பொறுக்கிக் கொடுத்தேன். அந்தப் பகிடியை அன்று வந்த நாலு பேருக்குச் சொல்லி நானும் சிரித்தேன். அதன்பிறகு அவன் இரண்டு தடவை வந்து இன்னும் வாங்கிக்கொண்டு போனான்.

கிறேசம்மா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறாள். காலை ஆறு மணிக்குப் போனால் பன்னிரண்டு மணி வரை சீமெந்துத் தரையில் நிற்க வேண்டும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின கிழமை, வேலையால் வந்து அவள் முற்றத்தில் நடந்தபோது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். காலில் ஒரு கன்வஸ் சப்பாத்து. குதி இரண்டு விரல் தடிப்பு. அவள் மிதிக்கும்போது அது கொஞ்சம் அமிழ்ந்து மெல்ல எழும்பியது.

"இதென்ன சத்தம்?"

"சப்பாத்து. மரியநாயகம் அண்ணை செய்து தந்தவர். குதிக்கால் நோவுக்கு."

"ஆற்றை குதிக்கால்?"

"என்ரைதான். வேறை ஆற்றை?"

"உமக்குக் குதிக்கால் நோகிறதெண்டு எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை. அந்தாள் நான் துறையடியாலை நடந்து போறதைப் பாத்திட்டு, குதிக்கால் நோகுதோ தங்கச்சி எண்டு கேட்டது. ஓமெண்டு சொன்னனான்."

இவ்வளவுதான். சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள். ஒன்றரை மாதமாக என்னுடைய ஸ்பிரிங்கின்மேல் என்னுடைய மனைவி நடந்துகொண்டு திரிந்திருக்கிறாள். நான் ஊரெல்லாம் பகிடி விட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வேறு விதமாக ஒருவரும் நினைக்க வேண்டாம். கிறேசம்மாவிலும் எனக்குச் சந்தேகம் இல்லை, அவனிலும் இல்லை. தெருவில் போகிறவளை ஒரு தரம் பார்த்து அவன் கண்டுபிடித்ததை, இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து நான் காணவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

நேரே அவன் கடைக்குப் போனேன். மேசையில் ஒரு கொப்பி விரிந்து கிடந்தது. அதில் இரண்டு பாதங்கள் பென்சிலால் வரைந்திருந்தன. நோகிற இடத்தில் சிவப்புப் புள்ளி. பக்கத்தில் 'கிறேசம்மா, 68 கிலோ' என்று எழுதியிருந்தான். எனக்குக் கோபம் தலைக்குமேல் ஏறியது.

"என்ரை மனிசியின்ரை நிறை உமக்கென்னத்துக்கு?"

"நிறை தெரியாம ஸ்பிரிங் போட முடியாது சூசை" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. சண்டைக்குப் போனவனுக்கு முக்காலியை இழுத்துப் போட்டு, செய்ததை எல்லாம் எடுத்துக் காட்டத் தொடங்கினான். முதலில் வெறும் ஸ்பொஞ்ச் வைத்தானாம். ஒரு கிழமையில் அப்பளம் மாதிரித் தட்டையாகிவிட்டதாம். பிறகு வெறும் ஸ்பிரிங் வைத்தானாம். ஆளைத் தூக்கி எறிந்ததாம். இப்போது தடித்த ஸ்பொஞ்சில் மூன்று துளை போட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு ஸ்பிரிங் இறக்கி, மேலும் கீழும் உடைந்த பைபர் படகில் வெட்டிய தகடு வைத்து ஒட்டியிருந்தான். நோகிற இடத்துக்கு நேரே ஒரு சின்னப் பள்ளம். நானும் இயந்திரம் தெரிந்தவன். அது நல்ல வேலை என்று பார்த்தவுடனேயே விளங்கியது. மோசமான வேலையாக இருந்திருந்தால் நான் அவனை மன்னித்திருப்பேன்.

"வலது கால் சரியா வந்திருச்சு. இடது கால்தான் சரிவரல. ரெண்டு வாரத்தில வெளிப்பக்க ஸ்பிரிங் நெளிஞ்சு போவுது. ஏன்னு தெரியல."

அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிழை இருக்கிறது! பிழை இருந்தால் அதைத் திருத்துகிறவன் நான்.

மூன்று நாள் கொட்டிலைப் பூட்டிவிட்டு ஒரு சோடி செய்தேன். கிளச் ஸ்பிரிங் எல்லாம் விளையாட்டுச் சாமான். நான் போட்டது படகு எஞ்சினின் வால்வு ஸ்பிரிங், அதுவும் பெட்டி உடைக்காத புதுசு. நிறை பார்க்கவில்லை, கால் வரையவில்லை. இத்தனை வருடம் கூட இருக்கிறவளின் கால் எனக்குத் தெரியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை கிறேசம்மா அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். போகும்போதே ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதை நான் அன்பு என்று நினைத்தேன். பூசை முடிந்து வாசலில் கழற்றி வைத்ததைத் திரும்பவும் போட்டுக்கொண்டு படியால் இறங்கினாள். முதல் படியில் குதி அவளை மேலே தூக்கியது. இரண்டாவது படியில் முன்னுக்குத் தள்ளியது. "அம்மா, கிறேசு மாமி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளுறா" என்று ஒரு சின்னப் பெட்டை கத்தினாள். சனம் சிரித்தது. கிறேசம்மா ஓடிப்போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரியநாயகமும் அங்கே நின்றான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு அவள் வெறுங்காலோடு, கல்லு ஒழுங்கையால் நடந்து வந்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. "உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை?" என்று மட்டும் கேட்டாள். நான் கொட்டிலில் போய் இருந்தேன்.

ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால், ஓட்டுகிறவன் வாய் திறக்க முன்னமே டயரைப் பார்த்து நான் சொல்லிவிடுவேன். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் சில்லு கோணல். நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம். டயர் பொய் சொல்லாது. அப்படி இருந்து யோசித்துக்கொண்டு அண்ணாந்தபோது ஒன்பது செருப்பும் குதி கீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

முதலாவது செருப்பில் குதியின் வெளிப்பக்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மூன்றாவதில் பாதி இல்லை. கடைசி இரண்டிலும் வெளிப்பக்கம் கடதாசி மாதிரி மெலிந்து ஓட்டை விழுந்திருந்தது. உட்பக்கத்தில் கடையில் வாங்கிய பூ அடையாளம் அப்படியே இருந்தது. ஒன்பது வருடமாக நோகிற இடம் நிலத்தில் படாமல் காலைச் சரித்துச் சரித்து நடந்திருக்கிறாள். என் கண்ணுக்கு நேரே, என் கையால் நானே ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். மற்றவன் கண்ணுக்குப் பயந்து தொங்கவிட்டதை என் கண் பார்க்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதையும் பிடுங்கி உரப்பையில் போட்டுக்கொண்டு மரியநாயகத்திடம் போனேன். நடக்கிற ஒவ்வொரு அடியும் எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது. அவன் அவற்றை வருட வரிசையில் நிலத்தில் அடுக்கி, குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தான்.

"இதெல்லாம் எங்க வெச்சிருந்தீங்க?"

"கண்ணூறுக்கு அடிச்சு வைச்சனான்."

"முதல்லயே குடுத்திருந்தா எத்தனை ஸ்பிரிங் மிஞ்சியிருக்கும்" என்றான். பிறகு, "வலி விட்டாலும் கால் பழகின பழக்கம் விடல. பாரம் முழுக்க வெளிப்பக்கம் போவுது. அந்தப் பக்கத்தை ஒரு நூல் அளவு உசத்தணும், ஸ்பிரிங்கும் கொஞ்சம் இறுக்கமா வேணும்" என்றான்.

இறுக்கமான ஸ்பிரிங்கை நான்தான் தேடி, அளந்து வெட்டி, நுனியை அரைத்துக் கொடுத்தேன். இடக்கால் குதி அதன்பிறகு நெளியவில்லை. கிறேசம்மாவின் நடையில் சத்தமும் இல்லை.

இப்போது அனலைதீவிலிருந்தும் காரைநகரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நாள் முழுக்க நிற்கிற தாதிமார், வாத்திமார், கடைக்காரர். எல்லோரும் கேட்பது மரியநாயகத்தின் குதி. சூசைப்பிள்ளையின் ஸ்பிரிங் என்று ஒருவரும் கேட்டதில்லை. துறையில் இறங்கி என் கொட்டிலுக்கு வந்து அவன் கடைக்கு வழி கேட்கிறார்கள். நான் வழி காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறேசம்மா அவனுக்கு நண்டுக் குழம்பு கொடுத்துவிடுகிறாள், என் கையிலேயே. அதில் போடுகிற நண்டுக் கால் எல்லாம் பெரிய கால்.

இந்த வருடப் பிறப்பன்று அவள் புதுச் சோடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, பழையதில் இடக்காலை என்னிடம் நீட்டினாள். "இந்தாங்கோ, உங்கடை கண்ணூறுக்கு." நான் பழக்கத்தில் குதியைத் திருப்பிப் பார்த்தேன். உட்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. எனக்கு முதலில் வந்தது பொறாமை. சந்தோசம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் வந்தது.

வெறும் வளையை அண்ணாந்து பார்த்தேன். என்னைப் பார்த்து வயிறு எரிய இப்போது யார் இருக்கிறார்கள்? சப்பாத்தையும் சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு மரியநாயகத்தின் கடைக்குப் போனேன். அவன் ஏணி தந்தான். வாசல் நிலைக்கு மேலே ஏறிச் சப்பாத்தை வைத்துப் பிடித்தேன்.

"என்ன சூசை இது?"

"கண்ணூறுக்கு."

அவன் சிரித்தான். "என்மேல யாரு கண் வைக்கப் போறா?"

வாயில் கவ்வியிருந்த ஆணியைக் கையில் எடுத்தேன்.

"நான்தான்" என்றேன். "ஏணியை வடிவாய்ப் பிடியும்."